சன்னதும் ரத்தும்

தமிழ் மக்கள் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் அரபு மொழியினின்று வந்து குடியேறியவை பல. வசூல், பாக்கி, தாலுகா, ஜில்லா, அமுல் என அரசு அலுவலகங்களில் வழங்கும் சொற்களே அவற்றுள் மிகுதி. ஆட்சியின் வாயிலாக வந்த சொற்களாதலின் ஆட்சியின் இயல்பும் அவற்றோடு கூடவே வந்தது. அவற்றுள் இரண்டினை மட்டும் ஈண்டு எடுத்துக் கொள்வோம். ஒன்று 'சன்னது', மற்றொன்று 'ரத்து'.

'ஸனது' என்னும் அரபுச் சொல்லுக்குச் சாய்ந்து நிற்பதற்குத் துணையாவது என்பது பொருள். மதறஸாவில் ஹதீஸ் ஓதும் மாணவர் இச்சொல்லை அன்றாடம் கேட்பர். ஒரு செய்தி யார் யார் வாயிலாக வந்தது என்னும் அறிவிப்பாளர் தொடரே அதன் ஸனது. அது உறுதியாயின் செய்தியும் உறுதி. அச்சொல்லே தமிழில் 'சன்னது' என்றாகி, அரசர் ஒருவருக்கோ ஓர் ஊருக்கோ கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தைக் குறித்தது. இனி, 'ரத்து' என்பதன் மூலம் 'ரத்து' என்றே ஒலிக்கும் அரபுச் சொல். அதற்கு மறுத்துத் தள்ளுதல் என்றும் பொருள் உண்டு. திருப்பிக் கொடுத்தல் என்றும் பொருள் உண்டு. தமிழ் முதற்பொருளை மட்டும் எடுத்துக் கொண்டது.

ஊரை ஊரார் ஆள்வதற்குரிய அதிகாரம் எதன் மீது சாய்ந்து நிற்கிறது? மேலிருக்கும் அரசு கொடுத்த சன்னதின் மீதா? அப்படியாயின் கொடுத்த கை விரும்பும்போது அதனை ரத்துச் செய்யலாமா? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் லண்டன் மாநகரில் இவ்வினா நீதிமன்றம் ஏறியது. அதே பத்தாண்டில், அதே அரச குடும்பத்தின் ஆட்சியில், நம் சென்னைப் பட்டினத்துக்கு முதல் நகராட்சிச் சன்னது வந்து சேர்ந்தது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், நம் காலத்தில் நம் தெருவில் நடப்பதும் தெளிவாக விளங்கும்.

லண்டனின் பழைய உரிமை

இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம், 1067-ஆம் ஆண்டளவில் லண்டன் நகரத்தாருக்கு ஒரு சிறு பத்திரம் எழுதிக் கொடுத்தார். உள்ளங்கை அகலமே கொண்ட தோல் துண்டு அது. முந்தைய மன்னர் காலத்தில் இருந்த சட்ட உரிமைகள் நகரத்தாருக்கு அவ்வாறே இருக்கும் என்பது அதன் சாரம். வென்றவர் புதிதாக ஒன்றையும் கொடுத்துவிடவில்லை. இருந்ததை ஒப்புக் கொண்டார். சன்னது என்பது அதிகாரத்தைப் பிறப்பிக்கிறதா, முன்னரே இருப்பதை ஒப்புக் கொள்கிறதா என்னும் வழக்குக்கு அச்சிறு தோல் துண்டிலேயே வித்து இருக்கிறது.

1215-ஆம் ஆண்டு மே மாதம், பிரபுக்களின் எதிர்ப்பால் நெருக்குண்ட ஜான் மன்னர், ஆண்டுதோறும் மேயரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையை லண்டன் நகரத்தாருக்கு அளித்தார். அடுத்த மாதம் முத்திரையிடப்பட்ட மகாசாசனத்தின் பதின்மூன்றாம் பிரிவு, லண்டனின் பழைய உரிமைகளை மீண்டும் உறுதி செய்தது. மன்னர் வாக்குத் தவறாமல் காக்க நியமிக்கப்பட்ட இருபத்தைவருள் லண்டன் மேயரும் ஒருவர்.

ஆயினும் உரிமை ஏட்டில் ஏறிவிட்டால் மட்டும் நிலைத்துவிடாது. 1285-ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டின் நீதிபதிகள், மேயரைக் கோட்டைக்கு வந்து தம்முன் நிற்குமாறு பணித்தனர். அப்போது மேயராக இருந்த கிரிகரி டி ராக்ஸ்லி, முறைப்படி முன்னறிவிப்புத் தராத அழைப்புக்கு மேயர் என்ற நிலையில் இணங்க மறுத்தார். கோட்டைக்கு அருகிலிருந்த தேவாலயத்தில் பதவிச் சின்னங்களைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் குடிமகனாக உள்ளே சென்றார். விளைவு, மன்னர் நகரைத் தம் கைக்குள் எடுத்துக் கொண்டு தம் அலுவலரை அதன் மேல் வைத்தார். 1298 வரை பதின்மூன்று ஆண்டுகள் லண்டனுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் இல்லை. இன்றைய வழக்கில் சொல்வதாயின், அது தனி அலுவலர் ஆட்சி.

மன்னர் கேட்ட கேள்வி

நாம் சொல்ல வந்த வழக்கு இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்தது. மன்னருக்கு முறைப்படியான வாரிசு இல்லை. அடுத்து அரியணைக்கு உரியவர் அவருடைய தம்பி ஜேம்ஸ், அவரோ கத்தோலிக்கர். அவரை விலக்க வேண்டும் என்று ஒரு கட்சி பாராளுமன்றத்தில் மூன்று முறை முயன்றது. 1681 மார்ச்சில் மன்னர் பாராளுமன்றத்தையே கலைத்து அனுப்பினார். அக்கட்சியின் தலைவர் ஷாப்ட்ஸ்பரி பிரபு மீது இராசத்துரோக வழக்குத் தொடரப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் லண்டன் ஜூரிகள், வழக்குக்கு அடிப்படை இல்லை எனக் குற்றப் பத்திரிகையைத் திருப்பி அனுப்பிவிட்டனர்.

ஜூரிகளைப் பொறுக்கி எடுத்தவர் யார்? லண்டனின் ஷெரீப்புகள். (அரபியின் 'ஷரீப்' வேறு, இது ஆங்கில நாட்டுப் பழைய பதவிப் பெயர்.) ஷெரீப்புகளைத் தேர்ந்தெடுத்தவர் யார்? நகரத்துத் தொழிற்குழுவினர். எனவே, நகரத்தின் தேர்தல் மன்னர் கையில் இல்லாத வரை நகரத்தின் நீதிமன்றமும் அவர் கையில் வராது. ஊராட்சியின் மேல் அரசுக்கு ஏன் கண் விழுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. சாக்கடையும் சந்தையும் மட்டுமே நகராட்சியின் பொறுப்பாயின் மன்னர் அதனை ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டார்.

ஆகவே அரசு வழக்கறிஞர், 'எந்த அதிகாரத்தால்?' என்று பொருள்படும் 'கோ வாரண்டோ' என்னும் ஆணையை லண்டன் மாநகராட்சியின் மேல் தொடுத்தார். நீங்கள் எந்தச் சன்னதின் வலிமையால் ஒரு நகராட்சியாக இருக்கிறீர்கள் என்பது கேள்வி. குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று, 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் திருத்திக் கட்டிய சந்தைகளில் நகராட்சி தகாத வகையில் சுங்கம் வசூலித்தது. மற்றொன்று, பாராளுமன்றத்தை மன்னர் ஒத்தி வைத்ததைக் குறை கூறி 1681 ஜனவரியில் ஒரு விண்ணப்பம் எழுதி, அதனை அச்சிட்டுப் பரப்பியது. முதற்குற்றம் கணக்கு வழக்கு; இரண்டாவது வாய்த் துடுக்கு. இவ்விரண்டுக்குமாகப் பல நூறு ஆண்டு உரிமை பறிபோக வேண்டும் என்று அரசு வாதிட்டது.

ஊர் குற்றம் செய்யுமா?

நகரின் சார்பில் வாதாடியவர்கள் ஜார்ஜ் டிரெபி, ஹென்றி போலெக்ஸ்பென் என்னும் இருவர். அவர்கள் எடுத்து வைத்த வாதம் இன்றும் எண்ணத்தக்கது. நகராட்சி என்பது அன்று பதவியிலிருந்த சிலர் அல்லர். இறந்தோர், இருப்போர், இனிப் பிறப்போர் ஆகிய அனைவருக்கும் உரிய ஓர் அமைப்பு அது. பதவியாளர் தவறிழைத்தால் அவர்களைத் தண்டியுங்கள். அவர்கள் தவறுக்காக அமைப்பையே அழித்தல் எப்படி முறையாகும்? பொறுப்பாளன் கையாடினான் என்பதற்காக வக்பின் சொத்து வக்பு அல்லாமற் போய்விடுமா என்று கேட்டால் நம் வாசகர்களுக்கு அவ்வாதம் எளிதில் விளங்கும்.

அரசு தரப்பின் மறுமொழியும் வலிமையற்றதன்று. அமைப்பு குற்றமே செய்யாது என்றால், அதன் அதிகாரத்தைக் கொண்டு குடிமக்களை வருத்துவோரைத் தடுப்பது யார்? நாட்டுக்குள்ளே நாடாக ஒவ்வொரு நகரமும் நின்றால் மன்னர் எதற்கு? இவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. லண்டன் நகரத்தார் குற்றமற்ற தூயவர்களும் அல்லர். 1678 முதல் சில ஆண்டுகள், டைட்டஸ் ஓட்ஸ் என்பவர் கூறிய பொய்ச் சாட்சியை நம்பி, கத்தோலிக்கச் சதி என்னும் கற்பனைக்காக ஏதுமறியாத பலர் தூக்கிலிடப்பட்டபோது, அதே நகரத்து மக்கள் ஆரவாரித்தனர். ஊரார் கூடி எடுக்கும் முடிவு எப்போதும் நீதியின் பக்கம் நிற்கும் என்று சிறுபான்மையாய் வாழ்வோர் எவரும் எண்ணிவிட முடியாது. ஊராட்சியைக் காக்க வேண்டும் என்று கூறுவோர் இவ்வுண்மையை மறைத்துவிட்டுக் கூறலாகாது.

1683 ஜூனில் தீர்ப்பு வந்தது. நகரின் சன்னது ரத்தாயிற்று. ஆயினும் மன்னர் உடனே அதனைச் செயற்படுத்தவில்லை; பணிந்து வந்தால் நகராட்சி தொடரலாம் என்றார். மேயர், ஷெரீப் முதலிய பதவிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் மன்னரின் இசைவு பெற்றே பதவியேற்க வேண்டும் என்பது நிபந்தனை. நகர மன்றம் முதலில் தயங்கிப் பணிந்தது. அப்பணிவைப் பத்திரமாக எழுதி முத்திரையிடும் வேளை வந்தபோது, அதே மன்றம் முத்திரையிட மறுத்தது.

'ராஜினாமா' என்னும் சொல்லின் பழம்பொருள் உடன்பாட்டுப் பத்திரம் என்பதாகும். பல நகரங்கள் அக்காலத்தில் தம் சன்னதுகளை மன்னரிடம் 'தாமாகவே' ஒப்படைத்தன. அச்சத்தால் எழுதிக் கொடுத்த உடன்பாடுகள் அவை. லண்டன் அந்த ராஜினாமாவை எழுதவில்லை. பறிப்பதாயின் பறித்துக் கொள்க, கொடுத்தோம் என்று கையொப்பமிட மாட்டோம் என்பதே அம்மறுப்பின் பொருள். பின்னாளில் உரிமையைத் திரும்பக் கேட்க அம்மறுப்பே அவர்களுக்குத் துணையாயிற்று. 1683 அக்டோபரில் மன்னர் தம் விருப்பப்படி மேயரையும் ஆல்டர்மென்களையும் நியமித்தார். அடுத்த ஆண்டு கடல் கடந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சன்னதும் அவ்வாறே ரத்தாயிற்று.

அதே மன்னர், மற்றொரு பட்டினம்

1685-இல் சார்லஸ் மறைந்தார். தம்பி இரண்டாம் ஜேம்ஸ் அரியணை ஏறினார். அவர் காலத்தில் உள்நாட்டு நகரங்களின் உரிமைகள் மேலும் ஒடுங்கின. அத்தகைய மன்னரின் ஒப்புதலோடு, 1687 டிசம்பர் 30-ஆம் நாளிட்ட சன்னது ஒன்று சென்னைப் பட்டினத்துக்கு எழுதப்பட்டது. லண்டனில் நகராட்சியை முடக்கியவர் சென்னையில் நகராட்சியை எழுப்பினாரா? அங்ஙனம் எண்ணி மகிழ்வதற்கில்லை. அதன் காரணம் வேறு.

கோட்டைக்கு வெளியே வாழ்ந்த நம் மக்கள் மேல் கிழக்கிந்தியக் கம்பெனி வீட்டு வரி விதிக்க முயன்றது. 1686-இல் மக்கள் கடைகளை அடைத்து எதிர்த்தனர். லண்டனில் கம்பெனியை நடத்திய ஜோசையா சைல்டு கூர்மதி படைத்த வணிகர். கம்பெனி ஆணையிட்டுக் கேட்டால் கொடாத மக்கள், தம்முள் சிலர் அமர்ந்த மன்றம் கேட்டால் தாராளமாகக் கொடுப்பர் என்று அவர் கணக்கிட்டார். நகர மண்டபம், சிறை, பள்ளிக்கூடம், கழிநீர் வாய்க்கால் முதலியவற்றுக்குப் பணம் வேண்டும். அதனைத் திரட்ட ஒரு மேயர் வேண்டும்.

சன்னது மன்னரின் முத்திரையோடு செல்வதா, கம்பெனியின் முத்திரையோடு செல்வதா என்னும் வினா மன்னர் முன்னிலையில் எழுந்தது. கம்பெனியின் முத்திரையே தகும் என்றார் சைல்டு. மன்னரிடம் நேரே அதிகாரம் பெற்றவர் கம்பெனியின் ஆளுநரை மதியார் என்பது அவர் அச்சம். மன்னரும் இசைந்தார். மன்றம் இருக்கலாம், ஆனால் அதன் ஸனது கம்பெனியின் கையை விட்டு அகலலாகாது. சென்னை மாநகராட்சி பிறந்த வேளையிலேயே அதன் காலில் இக்கயிறு கட்டப்பட்டது.

1688 செப்டம்பர் 29-ஆம் நாள் மாநகராட்சி தொடங்கப் பெற்றது. மேயர் ஒருவர், ஆல்டர்மென் பன்னிருவர், பர்கெஸ் எனப்படும் உறுப்பினர் அறுபதின்மர். ஆல்டர்மென்களுள் ஆங்கிலேயரோடு போர்ச்சுகீசியரும் யூத வணிகரும் இந்துக்கள் மூவரும் இருந்தனர். முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன் கம்பெனியின் ஊழியர். நான்கு ஆண்டுகளில் ஆளுநராகவே உயர்ந்தவர். மக்கள் ஏமாறவில்லை. மன்றம் கேட்டபோதும் வரி கொடுக்கத் தயங்கினர். 1726-ஆம் ஆண்டுப் புதிய சன்னது ஆல்டர்மென் எண்ணிக்கையை ஒன்பதாகக் குறைத்து, மேயரோடு சேர்த்து எழுவர் ஆங்கிலேயராகவே இருக்க வேண்டும் என்றது. மாநகராட்சி பெரிதும் ஒரு நீதிமன்றமாகச் சுருங்கிற்று.

சென்னையில் தொடக்க விழா நடந்த அடுத்த மாதத் தொடக்கத்தில் லண்டனில் என்ன நடந்தது தெரியுமா? ஆரஞ்சு வில்லியமின் கப்பற்படை வரவிருக்கும் செய்தி கேட்டு நடுங்கிய ஜேம்ஸ் மன்னர், 1683-இல் பறித்த சன்னதை லண்டன் நகரத்தாருக்குத் திருப்பிக் கொடுத்தார். 'ரத்து' என்பதன் இரண்டாம் பொருள் அன்று நிறைவேறியது. ஆனால் காலம் கடந்துவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் நாட்டை விட்டு ஓடினார். 1690-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, 1683-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தள்ளியது. லண்டன் நகரின் உரிமை இனி எக்குற்றம் காட்டியும் பறிக்கப்படலாகாது என்று விதித்தது. அன்று நகருக்காக வாதாடித் தோற்ற போலெக்ஸ்பென், டிரெபி இருவரும் பின்னர் ஒருவர் பின் ஒருவராகத் தலைமை நீதிபதி ஆயினர்.

இருபத்து மூன்று ஆண்டுகள்

சென்னையின் கதை நீண்டது. 1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம், உள்ளாட்சி என்பது மக்களுக்கு அரசியல் பயிற்சி தரும் பள்ளி என்று ஏற்றது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினருக்கு இடம் பெருக்கிற்று. 1933-இல் மேயர் என்னும் பெயர் மீண்டும் வந்தது. நாடு விடுதலை பெற்றது. அந்நியர் கட்டிய கயிறு அதனோடு அவிழ்ந்திருக்க வேண்டும். அவிழ்ந்ததா?

1973-ஆம் ஆண்டில், கூலியாட்களின் வருகைப் பதிவேட்டில் நடந்த ஊழல் வெளிப்பட்டது. இல்லாத தொழிலாளர் பெயரில் கூலி எடுக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. மாநில அரசு மாநகராட்சி மன்றத்தையே கலைத்தது. டிரெபி தொடுத்த வினா ஈண்டு மீண்டும் எழுகிறது. பதிவேட்டில் பொய் எழுதியவர் தண்டனைக்குரியவர், ஐயமில்லை. ஆனால் அவருக்காக நகரத்து மக்கள் அனைவரும் எத்தனை ஆண்டுகள் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

இருபத்து மூன்று ஆண்டுகள் அனுபவித்தோம். 1996 அக்டோபர் வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. எட்வர்டு மன்னர் லண்டனைப் பிடித்து வைத்திருந்தது பதின்மூன்று ஆண்டுகள். அதனினும் பத்தாண்டு மிகுதி. இடையே கோட்டையில் ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, ரிப்பன் கட்டடத்தில் தனி அலுவலர் ஆட்சி மட்டும் மாறவில்லை. எனவே இதனை ஒரு கட்சியின் குற்றமாகக் காட்டுதல் பிழை. மேலிருப்பவர் யாராயினும் கீழிருக்கும் அதிகாரத்தைத் திருப்பித் தர மனம் வருவதில்லை என்பதே இதன் பாடம்.

அந்த எழுபதுகளிலேயே நகராட்சியின் வேலைகளும் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. குடிசைப் பகுதிகளுக்கு 1970-இல் ஒரு வாரியம். நகரமைப்புத் திட்டத்துக்கு ஒரு குழுமம். 1978-இல் குடிநீருக்கும் கழிநீருக்கும் ஒரு வாரியம். ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் சொல்லப்பட்டது. சிலவற்றால் நன்மையும் விளைந்தது. ஆயினும் குழாயில் தண்ணீர் வராவிடில் வட்ட உறுப்பினரைக் கேட்கும் உரிமை மக்களிடமிருந்து போயிற்று. 1996-இல் மன்றம் மீண்டும் கூடியபோது, வீடு இருந்தது. வீட்டுச் சாமான்களிற் பல அடுத்த வீட்டிற்குப் போயிருந்தன.

நாம் சிறு பிள்ளையாக இருந்தபோது கலைந்த மன்றம், நாம் ஓதி முடித்து, மதறஸாவில் பாடம் நடத்தத் தொடங்கிய பின்னரே மீண்டும் கூடியது. நம் தெருவில் மழைக்காலந்தோறும் வாய்க்கால் பொங்கும். மக்தபுக்கு வரும் பிள்ளைகள் காலணியைக் கையில் பிடித்துக் கொண்டு வருவர். தெருப் பெரியவர்கள் மனு எழுதுவர். தமிழ் நன்றாக எழுதுவோம் என்பதால் அப்பணி நம்மிடம் வந்து சேரும். மனுவைப் பெற்றுக் கொண்ட அலுவலர்கள் கனிவாகவே பேசினர். அவர்கள் தீயவர் அல்லர். ஆயினும் அவர்கள் வேற்றூரார். மாறுதல் ஆணை வந்தால் செல்பவர். நம் தெருவின் தண்ணீர் அவர்கள் வாசலில் நிற்பதில்லை. அடுத்தவர் வந்ததும் நாம் மீண்டும் முதலிலிருந்து எழுதுவோம். 1996-இல் நகராட்சித் தேர்தலில் முதன்முறையாக ஓட்டளித்தபோது நம் வயது இருபதுகளின் நடுவில். வென்றவர் பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. ஆனால் தொழுகை முடிந்து வெளியே வரும்போது அவரை வழிமறித்துக் கேட்க முடிந்தது. அந்த வேறுபாடே உள்ளாட்சி.

அரசியல் சட்டம் என்னும் சன்னது

1996 தேர்தல் தானாக வந்துவிடவில்லை. 1992-இல் பாராளுமன்றம் நிறைவேற்றி 1993-இல் நடைமுறைக்கு வந்த எழுபத்து மூன்றாம், எழுபத்து நான்காம் அரசியல் சட்டத் திருத்தங்களின் விளைவு அது. உள்ளாட்சி மன்றத்தின் காலம் ஐந்தாண்டு. அதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும். இடையில் கலைப்பதாயின் மன்றத்தின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். கலைத்தாலும் ஆறு மாதத்திற்குள் தேர்தல் நடத்த வேண்டும். மகளிருக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள் தொகைக்கேற்ற இடம் என்பனவும் விதியாயின. ஊரின் அதிகாரம் ஊரில் வலியவரின் அதிகாரமாகிவிடக் கூடாது என்னும் அச்சத்திற்கு இது தக்க மறுமொழி. 2022-இல் சென்னை மாநகரின் மேயர் பதவி தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கிட்டியது இவ்வழியில் வந்த மாற்றமே.

மன்னரின் பத்திரத்தை மன்னரின் நீதிமன்றம் ரத்துச் செய்தது. பாராளுமன்றச் சட்டத்தைப் பாராளுமன்றமே மாற்றலாம். லண்டன் பெருநகர் முழுமைக்குமாக அமைந்திருந்த பெருநகர மன்றத்தை 1986-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரே சட்டத்தால் ஒழித்தது. 2000-ஆம் ஆண்டு வரை அம்மாநகரம் முழுமைக்கும் பொதுவான தேர்ந்தெடுத்த அமைப்பு இல்லாமற் போயிற்று. ஆனால் நம் நாட்டில் அரசியல் சட்டமே ஸனதாகிவிட்டது. எந்த மாநில அரசும் தனித்து அதனை ரத்துச் செய்ய இயலாது. இது பெரும் பேறு.

பேறு முழுமையானதா? இல்லை. மன்றம் இருக்க வேண்டும் என்பதை அரசியல் சட்டம் கட்டாயமாக்கிற்று. எந்தெந்த வேலைகளை மன்றத்திடம் ஒப்படைப்பது என்பதையோ மாநிலத்தின் விருப்பத்திற்கு விட்டது. நகரமைப்பு, குடிநீர் உள்ளிட்ட பதினெட்டுத் துறைகள் நகராட்சிகளுக்கென அட்டவணையில் எழுதப்பட்டுள்ளன. அவற்றை மாநிலம் 'தரலாம்' என்பதே வாசகம். 'தர வேண்டும்' என்பதன்று. அரபு இலக்கணம் கற்பிக்கும்போது ஓர் எழுத்தின் மேலுள்ள குறி மாறினால் பொருள் தலைகீழாகும் என்று மாணவர்க்குச் சொல்வோம். ஈண்டும் ஒரு வினைமுற்றில் ஒரு நகரத்தின் குடிநீர் அடங்கிக் கிடக்கிறது.

காலத்தைப் பற்றிய கட்டாயமும் மீறப்படாமல் இல்லை. உரிய காலத்தில் தேர்தல் நடத்துவதைத் தட்டிக் கழிக்கலாகாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத் நகராட்சி வழக்கில் தெளிவாகக் கூறியது. ஆயினும் தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் முடிந்த உள்ளாட்சி மன்றங்களின் இடம் காலியாகவே கிடந்தது. இட ஒதுக்கீடு, எல்லை வரையறை என வழக்குகளும் காரணங்களும் தொடர்ந்தன. ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரிலும் 2021 அக்டோபரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியிலுமே தேர்தல் நடந்தது. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, அங்கு மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். கலைப்பதற்குத் தடை வந்தது. காலியாக விடுவதற்கு வழி இருந்தது.

யாரிடம் கேட்பது?

ஒரு நூற்றாண்டில் மன்னர் மக்கள் மேல் ஏவிய கணையை மற்றொரு நூற்றாண்டில் மக்கள் கையில் எடுத்துக் கொள்ளல் வரலாற்றின் விந்தை. 'எந்த அதிகாரத்தால்?' என்று லண்டனைக் கேட்ட அதே 'கோ வாரண்டோ', இன்று நம் அரசியல் சட்டத்தில் நீதிப் பேராணைகளுள் ஒன்றாக இடம் பெற்றுள்ளது. உரிமையின்றிப் பொதுப் பதவியில் அமர்ந்திருப்பவர் யாராயினும் அவரைப் பார்த்து, எந்த அதிகாரத்தால் அமர்ந்திருக்கிறாய் என்று எளிய குடிமகன் உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். கேள்வி ஒன்றே, கேட்பவர் மாறிவிட்டார்.

ஆகவே, ஊராட்சியைக் காப்பதற்கு மூன்று காவல்கள் வேண்டும் என்பது இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை. பதவியாளரின் குற்றத்தையும் பதவியின் உரிமையையும் பிரித்தறிதல் முதற்காவல். திருடியவர் சிறைக்குச் செல்லட்டும், மன்றத்தின் கதவு திறந்தே இருக்கட்டும். எளியோருக்கும் சிறுபான்மையோருக்கும் அம்மன்றத்தில் இடமும் குரலும் இருத்தல் இரண்டாம் காவல். அஃது இல்லாத ஊராட்சி சிலரின் ஆட்சியாகிவிடும். பறிபோகும் உரிமைக்கு நம் கையால் ராஜினாமா எழுதிக் கொடாதிருத்தல் மூன்றாம் காவல்.

இம்மூன்றாவதில்தான் நாம் தவறுகிறோம். தேர்தல் இல்லாத ஆண்டுகளில், 'கவுன்சிலர் இல்லாததே நிம்மதி, அதிகாரியிடம் நேரே முடித்துக் கொள்ளலாம்' என்று பேசாத தெரு உண்டா? நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு பேசியவரே. அலுவலர் ஒருவர் விரைந்து உதவிய மகிழ்ச்சியில், கேட்டுப் பெற்றது உரிமையா சலுகையா என்று எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த அலுவலர் வந்து அதே மனுவைப் புறங்கையால் தள்ளியபோதே வேறுபாடு விளங்கிற்று. சலுகைக்கு ஸனது இல்லை. கொடுத்தவர் போனால் அதுவும் போகும்.

லண்டன் நகரத்தார் 1683-இல் தோற்றனர். நீதிமன்றம் அவர்களைக் கைவிட்டது, மன்னர் வென்றார். எனினும் முத்திரையைப் பத்திரத்தின் மேல் அழுத்த அவர்கள் கை எழவில்லை. ஐந்தாண்டு கழித்து உரிமை திரும்பி வந்தபோது, நீங்களே கொடுத்ததாயிற்றே என்று எவரும் அவர்களைக் கேட்க முடியவில்லை. நம் தெரு வாய்க்கால் இவ்வாண்டும் பொங்கக் கூடும். மனு எழுதும் பணியும் நம்மிடமே வரும். இம்முறை அம்மனுவில் வாய்க்காலைப் பற்றி எழுதிவிட்டு, அதன் கீழே மற்றொரு வரியும் சேர்ப்போம்: இதற்குப் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுடையது, அதனை எவருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.